ஒரு கைப்பிடி புளியங்கொட்டை

அட்டாவதானி குற்றாலிங்கப் புலவர் ஐம்பது வயது தாண்டிய பிறகு ஒருவரிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு அவர் மகள் வயது. ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று புலவர் விட்டுவிட்டார். அவர் செய்த பெரிய காரியங்களில் இதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அவதானம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் எட்டு வேலை கொடுப்பார்கள். ஒருவர் எதிரே உட்கார்ந்து ஆடுபுலி ஆடுவார். ஒருவர் கடைசி அடியைக் கொடுத்துப் பாட்டுக் கேட்பார். இன்னொருவர் பெருக்கல் கணக்குச் சொல்வார். எங்கோ ஒரு மணி அடித்துக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து ஒருவர் முதுகில் ஒவ்வொரு கல்லாக எறிந்துகொண்டிருப்பார். நடுவில் ஒரு மனிதர், "உங்க ஊர்ப் பக்கம் மழை எப்படி?" என்று சாவகாசமாக விசாரிப்பார். அத்தனை பேருக்கும் முகம் கொடுத்து, கடைசியில் மணி எத்தனை, கல் எத்தனை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குற்றாலிங்கம் சொல்லிவிடுவார். பிசகியதே கிடையாது. ஒரு மண்டைக்குள் இவ்வளவு இடம் இருக்கிறதா என்று ஜமீன்தார்கள் வாயைப் பிளந்து, கையில் தங்கக் காப்பு மாட்டி அனுப்புவார்கள். எனக்கும் அவரிடம் தீராத வியப்பு உண்டு. கடைக்குப் போனால் வாங்க வந்ததில் பாதியை மறந்துவிட்டுத் திரும்புகிற ஆள் நான்.

பாறையடி மடத்துக்கு வந்த அன்று புலவர் அங்கிருந்த குரு மெய்யம்மையிடம் சொன்னார்:

"எட்டையும் பிடிக்கத் தெரியுது அம்மா. மனசை அடக்கத்தான் தெரியல. அதைச் சொல்லித் தாங்க."

"பிள்ளைகளுக்குக் காலைப் பாடம் எடுங்க," என்றார் மெய்யம்மை.

"எடுக்கேன். அதுக்கு முன்னால மன அடக்கம்..."

"காலைப் பாடம் எடுங்க புலவரே."

அவ்வளவுதான் உபதேசம்.

மடத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் வண்டியோட்டிகளின் பிள்ளைகளும் உப்பளத்துக் கூலிகளின் பிள்ளைகளும். அங்கேயே தங்கி, அங்கேயே உண்டு படித்தார்கள். மடத்தில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. விடிந்ததும் பாறைச் சுனையில் குளித்து, பாடம் ஒப்பித்து முடித்த பிறகுதான் கஞ்சி. வயிறு காலியாக இருந்தால் புத்தி கூராக இருக்கும் என்று எந்தக் காலத்துச் சாமியாரோ சொல்லிவிட்டுப் போனது. அவருக்குப் பிள்ளைகள் இருந்திருக்க முடியாது.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி பேச்சி. எட்டு வயது. தாய் இல்லை. தகப்பன் மாடசாமி உப்பு வண்டி ஓட்டுகிறவர். இதற்கு முன் இரண்டு பள்ளிக்கூடங்கள் அவளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தன. இங்கேயும் வேண்டாம் என்றால் அப்பாவோடு வண்டியில் ஊர் ஊராகச் சுற்ற வேண்டியதுதான். எழுத்துக்கும் அவளுக்கும் அத்தோடு தீர்ந்தது.

ஒருநாள் காலையில் புலவர் அவளிடம் சொன்னார்:

"பேச்சி, பாயைச் சுருட்டி வை. முகத்தைக் கழுவு. குடத்துல தண்ணி மொண்டு அடுக்களையில வச்சுட்டு, சிலேட்டை எடுத்துக்கிட்டு வரிசையில வந்து உட்காரு."

பேச்சி நன்றாகத் தலையாட்டினாள். ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்து இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு பாட வரிசையில் வந்து நின்றாள். சிலேட்டு சுனைக்கரையில் கிடந்தது. பாய் பாதி சுருட்டியபடி கிடந்தது.

சுடலைமுத்து என்கிற பையன் சத்தமாகச் சொன்னான்: "ஏ, எல்லாரும் பாருங்கல! பேச்சி குடத்துல எழுதப் போறா!"

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். பேச்சி குடத்தைத் தூக்கி எறிந்தாள். மண்குடம். தண்ணீர் எல்லார் சிலேட்டிலும் புகுந்து அத்தனை எழுத்தையும் அழித்தது. பிறகு அந்த ஈரத்திலேயே குப்புறப் படுத்து அழுதாள். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் புலவர் மெய்யம்மையிடம் போனார்.

"அம்மா, இந்தப் பிள்ளை நமக்குச் சரிப்பட்டு வராது."

"என்ன பண்ணுச்சு?"

"நாலு வேலை சொன்னேன். நாலும் கோளாறு. ஒரு பையன் ஒரு சொல் சொன்னான். அதுவும் பொறுக்கல. குடம் போச்சு."

"புத்தி கம்மியோ?"

"சேச்சே. புத்தி இருக்கு. நேத்து ஒரு கதை சொன்னேன், அவ கேட்ட கேள்விக்கு எனக்கே பதில் தெரியல. அக்கறைதான் இல்ல. மனசு வச்சா முடியாதா? வைக்க மாட்டேங்கா."

"உம்."

"வெள்ளிக்கிழமை அவ அப்பன் வாரான். வண்டியோட அனுப்பி வச்சிருவோம்."

"அவளுக்கு வாத்தியார் நீங்க. முடிவும் நீங்கதான் சொல்லணும்," என்றார் மெய்யம்மை. பிறகு வேறு எதையோ நினைத்துக்கொண்டவர் போல, "புலவரே, நான் அவதானம் பார்த்ததே இல்ல. வெள்ளிக்கிழமை ஒண்ணு செஞ்சு காட்டுதீங்களா?" என்றார்.

புலவர் முகம் மலர்ந்துவிட்டது. கூத்துக்காரனுக்கு மத்தளச் சத்தம் கேட்டால் சும்மா இருப்பானா?

"கேட்கிறவங்க யாரு அம்மா?"

"நம்ம பிள்ளைகதான்."

"பிள்ளைகளா!" புலவர் சிரித்தார். "ஆகட்டும். எப்ப?"

"காலைப் பாட நேரத்துல. பிள்ளைக எப்படிப் பாடத்துக்கு வருதோ, அதே மாதிரி வாங்க."

"அதுக்கென்ன?"

அதுக்கென்ன என்று சொன்னவர்கள் பட்ட பாட்டை எழுதினால் தனிப் புராணமாகும்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. புலவர் சுனையில் குளித்தார். பாறை நிழலில் இருக்கிற சுனை. தண்ணீர் ஊசியாகக் குத்தியது. வேட்டியைக் காய வைக்க வெயில் இன்னும் வரவில்லை. ஈரத்தோடு வந்து வெறும் பாறையில் உட்கார்ந்தார். வழக்கமாக அவதானத்துக்கு முன் சுண்டக் காய்ச்சிய பால் குடிப்பார். இன்று பாடம் முடிந்த பிறகுதானே எல்லாம்? அடுக்களையிலிருந்து கஞ்சியும் பருப்புத் துவையலும் மணத்தன. வயிறு ஒருமுறை சத்தம் போட்டது. முன்வரிசைப் பிள்ளை ஒன்று அதைக் கேட்டுச் சிரித்தது.

மெய்யம்மை வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். வடிவு என்கிற பெண் ஆடுபுலிக் கட்டத்தின் முன் உட்கார்ந்தாள். சுடலைமுத்து கையில் மணி. பேச்சியை அழைத்து, ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டையைக் கொடுத்து, புலவருக்குப் பின்னால் உட்கார வைத்தார்.

"ஒண்ணொண்ணா, மெதுவா அவர் முதுகுல போடணும். எப்பத் தோணுதோ அப்பப் போடு. எத்தனைன்னு நீயும் எண்ணிக்க."

பேச்சி கிண்ணத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவதானம் தொடங்கியது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். புலவர் அன்று ஜொலித்தார். வடிவின் ஆடுகளை ஒரு பக்கம் வெட்டிக்கொண்டே, ஒரு பையன் சொன்ன கணக்கை நாக்கு நுனியில் பெருக்கினார். ஒரு குட்டிப் பெண், "கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு ஓடிருச்சே" என்று முடிகிற மாதிரி பாட்டு வேண்டும் என்றாள். எந்த யாப்பிலும் அடங்காத அந்த அடியைச் செல்லமாகத் தட்டி நிமிர்த்தி, முதல் மூன்று அடியையும் கட்டினார். "ஐயா, உங்களுக்கு எந்தக் காய் பிடிக்கும்?" என்று இன்னொன்று கேட்டது. "கத்தரிக்காய்," என்றார், புலியை நகர்த்திக்கொண்டே. மணி அடித்தது. முதுகில் புளியங்கொட்டை விழுந்தது. இரண்டையும் எண்ணிக்கொண்டார்.

பாட்டின் வாய் முகூர்த்தமோ என்னவோ, நிஜமாகவே கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு பிள்ளைகள் நடுவே ஓடியது. ஒரே கூச்சல். புலவர் அசையவில்லை. கட்டெறும்பு ஒன்று தொடையில் ஏறிக் கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். எட்டும் நூல் பிசகாமல் நின்றன. மெய்யம்மையே கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

சுடலைமுத்து மணியை அடித்துவிட்டுப் பின்பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்தான். புலவருக்கு அது காதில் விழவில்லை. முதுகில் கொஞ்ச நேரம் எதுவும் படவில்லை. பிறகு ஒரு கொட்டை விழுந்தது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அப்போது கன்றுக்குட்டிப் பாட்டு முடிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். சுடலைமுத்து கேட்டான்:

"ஐயா, இந்தப் பாட்டை ராத்திரியே செஞ்சு வச்சுக்கிட்டு வந்தீங்களா?"

சின்னப் பையன் சும்மா கேட்ட கேள்விதான். ஆனால் ஓர் அவதானியை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. பொற்கொல்லனிடம் போய் நீ பித்தளை கலந்தாயா என்று கேட்பது மாதிரி. பிள்ளைகள் சிரித்தார்கள். வடிவுகூடச் சிரித்தாள்.

"வாயை மூடுல!" என்று எழுந்தார் புலவர்.

ஆடுபுலிக் காய்கள் நாலு பக்கமும் சிதறின. சுடலையின் கையிலிருந்த மணியைப் பிடுங்கினார். வீசினார். அது பாறையில் ஒரு தட்டுத் தட்டிச் சுனைக்குள் போய் விழுந்தது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய ஆனையின் முகத்தைப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. சுடலைமுத்துவுக்கு உதடு துடித்தது. புலவர் பாறைக்குப் பின்னால் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மெய்யம்மை இரண்டு கஞ்சிச் செம்போடு அங்கே வந்தார். ஒன்றை அவர் முன்னால் வைத்தார். புலவர் தொடவில்லை.

"இது ஒரு சபையா அம்மா?" என்றார். "என் சபையில என் தம்பி சொக்கலிங்கம் வாசல்ல நிப்பான். ஒருத்தன் இருமினாக்கூட வெளிய கூட்டிட்டுப் போயிருவான். வம்பு பேசுதவன் உள்ளேயே வர முடியாது. பாலு, பாயி, விசிறி, எல்லாம் நான் கேட்கும் முன்ன வந்துரும். இங்க ஈரத் துணி, வெறும் வயிறு, எறும்பு, கன்னுக்குட்டி!"

"ஆமா. ரொம்பச் சிரமம்," என்றார் மெய்யம்மை. "தம்பிக்கும் காப்புப் போட்டாங்களா?"

"அவனுக்கு எதுக்கு? அவன் சும்மா வாசல்ல..." புலவர் நிறுத்திக்கொண்டார்.

மெய்யம்மை தன் கஞ்சியைக் குடித்தார்.

"மணி எத்தனை அடிச்சுது புலவரே?"

"தெரியாது."

"கணக்கு?"

"அதுவும் போச்சு."

"ஒண்ணொண்ணாப் போச்சா?"

"இல்ல அம்மா. அதுதான் எனக்கே புரியல. கோபம் தொண்டைக்கு வந்துச்சு பாருங்க, அந்த நிமிஷமே எட்டும் சேர்ந்து போச்சு. ஈரத் துணியால சிலேட்டைத் துடைச்ச மாதிரி. இருந்துச்சு, அடுத்த நொடி இல்ல."

"புத்தி கம்மியோ?"

புலவர் நிமிர்ந்து பார்த்தார். மெய்யம்மை முகத்தில் கேலி ஒன்றும் இல்லை.

"புத்தி எங்க போகும்? இருந்துச்சு. கைக்கு எட்டல."

"அப்ப அக்கறை இல்ல போல. மனசு வச்சிருந்தா..."

"அக்கறை இல்லாமலா? என் உசுரே அதுலதான..." என்று ஆரம்பித்த புலவர், பாதியில் வாயை மூடினார். நான்கு நாள் முன்பு அதே வார்த்தைகளை யார், யாரைப் பற்றிச் சொன்னார்கள் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நினைவுக்கு அவரிடம் பஞ்சமா?

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேட்கேன்," என்றார் மெய்யம்மை. "சுடலை பின்பக்கம் திரும்பி ஏதோ சொன்னானே, அதுக்குப் பிறகு உங்க முதுகுல என்ன விழுந்துச்சு?"

"ஒரு கொட்டை."

"எப்படி விழுந்துச்சு?"

புலவர் யோசித்தார். "மெதுவா. இன்னைக்கு விழுந்ததுலேயே அதுதான் மெதுவா. பட்டதா படலையான்னு சந்தேகம் வந்துச்சு."

"சுடலை அவகிட்ட என்ன சொன்னான் தெரியுமா? 'குடமுடைச்சி, கிண்ணத்தையும் உடைச்சிராத'ன்னான். நான் பார்த்துக்கிட்டு இருந்தேன். பேச்சி ஒரு கை நிறையக் கொட்டையை அள்ளிட்டா. கை மேல போயிருச்சு. முகமெல்லாம் செவந்து, மூச்சு இரைக்குது. அப்புறம்..."

"அப்புறம்?"

"கையை அப்படியே கொஞ்ச நேரம் வச்சிருந்தா. பிறகு கீழ இறக்கி, கிண்ணத்துல எல்லாத்தையும் கொட்டிட்டா. சத்தம் வராமக் கொட்டினா. ஒண்ணை மட்டும் எடுத்து உங்க முதுகுல போட்டா."

புலவர் கை தானாகப் பின்னால் போய் முதுகைத் தொட்டது.

அவர் எழுந்து போனார். பேச்சி தூணடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். புலவரைக் கண்டதும் செம்பைப் பின்னால் மறைத்தாள். புலவர் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தார்.

"பேச்சி, சுடலை அப்படிச் சொன்னப்ப உனக்குக் கோபம் வந்துச்சா?"

"ஆமா."

"கை நிறைய அள்ளினியாமே."

பேச்சி இன்னும் கொஞ்சம் தூணோடு ஒட்டிக்கொண்டாள்.

"அடிக்க வரல பிள்ளை. ஏன் எறியலைன்னு கேட்கேன்."

"நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீங்கல்லா," என்றாள் பேச்சி. "எறிஞ்சா உங்க முதுகுலயும் படும். எண்ணிக்கை தப்பாயிரும்."

சபை சபையாகத் தங்கக் காப்பு வாங்கிய மனிதர் இத்தனை வருஷத்தில் தமக்காக ஒருவர் இவ்வளவு பெரிய பாரத்தைத் தாங்கிக்கொண்டதைக் கேட்டதில்லை.

"கை வலிச்சுதா?"

"கை வலிக்கல. இங்கதான் வலிச்சுச்சு." அவள் நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் காட்டினாள். "தம் பிடிச்சுக்கிட்டேன்."

"மொத்தம் எத்தனை கொட்டை போட்ட?"

"அது மறந்துட்டேன் ஐயா," என்றாள் பேச்சி, பயந்துகொண்டே. "அவன் சொன்னதும் போயிருச்சு."

"எனக்கும்தான் போயிருச்சு," என்றார் புலவர். "கஞ்சியைக் குடி."

பிறகு சுடலைமுத்துவைத் தேடிப் போனார். அவனிடம் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் இருவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று மணியைத் துழாவிக்கொண்டிருந்ததை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள்.

உச்சிவெயிலில் மாடசாமியின் உப்பு வண்டி வந்தது. மாட்டை அவிழ்க்கவில்லை. மகளைத் திருப்பிக் கூட்டிப் போவது அவருக்குப் பழகிப்போயிருந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு புலவர் முன்னால் நின்றார்.

"குடத்தை உடைச்சிட்டாளாமே சாமி. வழியில சொன்னாங்க. கூட்டிட்டுப் போயிருதேன். அவளை வையாதீங்க. தாய் இல்லாத பிள்ளை."

பேச்சி வண்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றாள். அழவில்லை. ஆரக்கால் ஒன்றை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கூட்டிட்டுப் போகக்கூடாது," என்றார் புலவர்.

"சாமி?"

"உம்ம மக பெரிய வித்தை ஒண்ணு பழகிக்கிட்டு இருக்கா. பாதியில எடுக்கக்கூடாது."

மாடசாமிக்கு விளங்கவில்லை. "இவளா? என்ன வித்தை சாமி?"

"ஓங்கின கையைக் கீழ இறக்குத வித்தை. எனக்கே இன்னும் கைவரல."

மாடசாமி மகளைப் பார்த்தார், புலவரைப் பார்த்தார். பெரியவர் தம்மைக் கேலி பண்ணுகிறாரோ என்று கொஞ்சம் சந்தேகம். புலவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷம் வந்தால் மனிதர்கள் அவசரப்படுவார்கள். அவரும் படபடத்தார்.

"ஏட்டி பேச்சி, அப்ப ஓடு. அழுக்குத் துணி மூட்டையை எடுத்துட்டு வா, துவைச்சுக் கொண்டாரேன். அத்தை குடுத்த சீப்பு இருக்கா பாரு. மடத்து அம்மா காலைத் தொட்டுக் கும்பிடு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும், வாளி கேட்டு வாங்கிட்டு..."

பேச்சி ஓடப் போனாள், நின்றாள், அடுக்களைப் பக்கம் திரும்பினாள், திரும்ப வந்தாள். முகம் சிவக்க ஆரம்பித்தது.

புலவர் குனிந்தார்.

"பேச்சி, முதல்ல மூட்டை."

அவள் பறந்து போய் மூட்டையோடு வந்தாள்.

"இப்ப வாளி."

வாளி வந்தது. மாடு தண்ணீர் குடித்தது. சீப்பையும் கும்பிடுவதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்; ஒவ்வொன்றாக நடந்தது. மாடசாமி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஜமீன்தார்கள் வாயைத் திறந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அன்று சாயங்காலம் புலவர் மெய்யம்மையிடம் கேட்டார்:

"அம்மா, காலையில பிள்ளைகளுக்கு முதல்ல கஞ்சி, பிறகு பாடம்னு வச்சிக்கிடலாமா?"

"தலைமுறை தலைமுறையா வந்த வழக்கம்."

"தெரியும்."

"சமையக்காரம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க," என்றார் மெய்யம்மை.

இத்தோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அடுத்த வாரமே பேச்சி மறுபடி எறிந்தாள். இந்தத் தடவை சிலேட்டு. எழுதிக்கொண்டிருந்தபோது பலப்பம் உடைந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். சிலேட்டுச் சட்டம் விட்டுப்போய்ச் சில்லு சில்லாகக் கிடந்தது. பிறகு அவளே போய்த் தூணுக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்துகொண்டாள்.

புலவர் மற்றப் பிள்ளைகளை வடிவிடம் விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சுடலைமுத்து எட்டிப் பார்த்தான். புலவர் கையைக் காட்டினார், அவன் போய்விட்டான். வெயில் தூணின் அடிக்கு வந்தது. அவள் மூச்சு மெல்ல இறங்கியது. "ஐயா, சில்லை எல்லாம் நான் பெருக்கட்டுமா?" என்று அவளாகக் கேட்டாள். "பெருக்கு," என்றார். அவள் பெருக்கினாள். ஒரு சில்லையும் விடவில்லை.

பிறகு புலவர் மெய்யம்மையிடம் வந்தார். களைப்பாக இருந்தார். கோபமாக இல்லை. அதை அவரே கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது.

"அம்மா, ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க."

"அந்தப் பிள்ளை படுத பாட்டைப் பார்த்தா கையெடுத்துக் கும்பிடத் தோணுது. பசியைப் பிடிக்கணும், கோபத்தைப் பிடிக்கணும், சொன்னதை மறக்காம வச்சுக்கிடணும், செஞ்சுக்கிட்டு இருக்குததைப் பாதியில விட்டு இன்னொண்ணுக்கு மாறணும். விடிஞ்சா இதே அவதானம்தான். எனக்காவது மாசத்துக்கு ஒரு சபை."

"ஆமா."

"ஒருநாள் முடியுது. மறுநாள் உடைஞ்சு போகுது. பிசகாம எப்ப அம்மா வரும் அவளுக்கு?"

மெய்யம்மை பதிலுக்கு ஒன்று கேட்டார்:

"உங்களுக்குப் பிசகாம வரணும்னு உங்க தம்பி எத்தனை காலம் வாசல்ல நின்னார்?"

"சொக்கலிங்கமா? அவனுக்கு மீசை முளைச்சதுல இருந்து நிக்கான். இப்ப நரைச்சே போச்சு."

"அப்ப நீங்க அவ வாசல்ல போய் நில்லுங்க," என்றார் மெய்யம்மை.